அடித்தது அம்மா, வந்தது ஆம்மா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியில் தமிழ் அடிப்பதற்கான தமிழ்99 விசைப்பலகைதான் எல்லாருக்கும் உகந்தது என்று உங்கள் ஞாயிறு மலரில் எழுதியிருந்தார்கள். நான் காரைக்காலில் பிறந்து, கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்கு வந்தவள். செயின்ட் ஆந்த்ரேயில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கோயில் நோட்டீஸ் அடித்துக் கொடுப்பதும் நான்தான்.

தமிழ்99ஐக் குறை சொல்லவில்லை. க, ப, ம, த, ந, ய ஆறும் நடுவரிசையில் வலது கைக்குக் கீழேயே கிடைக்கின்றன. ஆனால் அது ஆங்கிலப் பலகையை மனதில் வைத்துச் செய்தது. இங்கே கடையில் விற்பது பிரெஞ்சுப் பலகை. அதில் ஏ, க்யூ (A, Q) இரண்டும் இடம் மாறியிருக்கும். 'ஏ' (A) அச்சிட்ட விசையை அமுக்கினால் தமிழ் ஆ வரும். அ வேண்டுமென்றால் 'க்யூ'வை அமுக்க வேண்டும். என் பிள்ளைகள் முதல் நாள் 'ஆம்மா' என்று அடித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் குறை இருந்தது. ரியூனியன் என்ற பெயரையே பெரிய எழுத்தில் சரியாக அடிக்க, தலையில் கோடு போட்ட இரண்டாம் எழுத்துக்காக (É) நான் இன்றும் ஆல்ட்டை அமுக்கிக்கொண்டு 144 போடுகிறேன். 2019இல் பிரான்ஸ் விசைப்பலகைக்குப் புதிய தரத்தை வெளியிட்டது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தாரும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்களும் அதற்காகக் கணினி அல்காரிதம் வைத்து, இப்படிப்பட்ட கோடு போட்ட எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் இடம் தேடினார்கள். கையால் முடிகிற வேலையா அது? நம் 18 மெய்களை 18 விசைகளில் மாற்றி மாற்றி வைத்தாலே சுமார் 64 கோடி கோடி வகை வரும்.

எனக்குப் பிடித்தது வேறு. வேகம், விரலுக்குச் சிரமமின்மை, ஒத்த குறிகள் அருகருகே இருப்பது, பழைய இடத்திலிருந்து அதிகம் நகராமை என்று நான்கையும் எடைபோட்டார்கள். எதற்கு எவ்வளவு எடை என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். செய்தித்தாள் பிரெஞ்சோடு ட்விட்டர் பிரெஞ்சையும் கணக்கில் சேர்த்தார்கள். ஏ முதல் இசட் வரை (A–Z) எழுத்துகளை மட்டும் தொடவே இல்லை. பழக்கத்தின் அருமை எனக்குத் தெரியும்: டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த இந்த விரல்கள் இன்றுவரை தமிழ்99க்கு வளையவில்லை.

ஆகவே 'எல்லாருக்கும்' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பிரெஞ்சுப் பலகையில் தமிழ் பழகும் பிள்ளைக்கு அந்த எடைகள் வேறு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கணினி படிக்கும் மாணவர் யாராவது இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்களா? என் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய பக்கங்களை, பிழைகளோடு, பெயர்களை நீக்கி அனுப்பத் தயார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
செயின்ட் ஆந்த்ரே, ரியூனியன்