வாட்டர் வாஷ் முடிந்து கிளம்பாத வண்டி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பத்து நாட்களாக ஒரு குரல்பதிவு கைபேசி விட்டுக் கைபேசி போய்க்கொண்டிருக்கிறது. நம் ஒர்க்‌ஷாப்பில் வாட்டர் வாஷ் செய்த ஒரு பைக் மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதுதான் அதில் உள்ள சேதி. எனக்கே ஆறு பேர் அனுப்பி, "அண்ணே, இது நம்ம கடையா?" என்று கேட்டார்கள். நம்ம கடைதான். வண்டி நின்றதும் உண்மைதான். பதிவு அனுப்பிய அந்தத் தம்பியின் வீட்டுக்கே போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தேன். வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வண்டி மக்கர் பண்ணினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் பதிவின் கடைசியில் வருகிற பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. "வேணும்னே எஞ்சினுக்குள்ள தண்ணிய விட்டுட்டு, அப்புறம் ரிப்பேர்னு காசு பிடுங்குறாங்க." பத்தொன்பது வருடமாகக் கடை நடத்துகிறேன். வேலை சரியில்லை என்று சொல்லியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்பேன். லேட் என்று பலமுறை திட்டு வாங்கியிருக்கிறேன், அதிலும் நியாயம் இருந்தது. வேண்டுமென்றே கெடுத்தேன் என்று யாரும் சொன்னதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வாஷ் செய்த வண்டி கிளம்பாவிட்டால் பெரும்பாலும் தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருக்காது, வெளியே பிளக் கேப்பில், அதாவது பொறி போட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் மூடியில் இருக்கும். பிளக்குக்கு வருவது பல ஆயிரம் வோல்ட். அந்தக் கரண்ட் பிளக் முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வர வேண்டும். கேப்புக்குள் ஈரம் இருந்தால் அதற்குச் சுலபமான வேறு வழி கிடைத்துவிடுகிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேலேயே வழிந்து எஞ்சின் பாடிக்குப் போய்விடும். உள்ளே பொறி விழாது, அல்லது விட்டுவிட்டு விழும். நாம் மிஸ்ஸிங் என்று சொல்கிறோமே, அது பல நேரம் இப்படித்தான் வருகிறது. கேப்பிலோ வயரிலோ மயிரிழை விரிசல் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

"சாயங்காலம் நல்லாத்தானே ஓட்டிட்டுப் போனேன்?" என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. சில மாடல்களில் பிளக் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். குழியில் விழும் தண்ணீர் வடிவதற்கு அடியில் சின்னதாக ஒரு ஓட்டை உண்டு. சேறு அதை அடைத்துவிட்டால் தண்ணீர் அங்கேயே நிற்கும். எஞ்சின் சூடாக இருக்கும்வரை தெரியாது. ராத்திரி ஆறும்போது கேப்புக்குள் இருக்கும் காற்று சுருங்கி, சுற்றிலும் நிற்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வண்டியின் பிளக் குழிக்குள் நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் கலங்கலாகத் தண்ணீர் நின்றது, வடிகால் ஓட்டை இருக்குமிடத்தில் செம்மண் கட்டி காய்ந்து இறுகியிருந்தது. மெல்லிய கம்பியால் குத்தியதும் கருத்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியே வந்தது. கேப்பைத் துடைத்து, காற்றடித்து, திரும்ப 'டப்' என்று சத்தம் வரும்படி மாட்டினேன். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. எல்லாம் பத்து நிமிட வேலை. ஒரு பார்ட்டும் மாற்றவில்லை, இதற்கு யாரிடமும் நான் காசு வாங்கியதும் இல்லை. காசு வராத ஒரு வேலைக்காக எவனாவது வேண்டுமென்று தண்ணீர் விடுவானா? நீங்களே சொல்லுங்கள்.

இனி வீட்டில் இப்படி நடந்தால் முதலில் பதற்றத்தில் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து விநாடி போதும், நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். தம்பியின் வண்டியில் ஈரம் ஒரு பங்கு என்றால், பேட்டரி இறங்கிப்போனதுதான் மூன்று பங்கு தொல்லை. கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கிற பழைய மாதிரி வண்டியானால் அடித்துக்கொண்டே இருக்கும்போது பெட்ரோலும் நிரம்பி பிளக்கை நனைத்துவிடும். பெட்ரோல் வாடை வந்தால் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் விடுங்கள்.

செல்ஃப் போட்டால் எஞ்சின் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றவே இல்லை என்றால் வலது கைப்பிடியில் உள்ள சிவப்பு கில் சுவிட்சைப் (எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்) பாருங்கள். துடைக்கிற துணி பட்டு அது ஆஃப் ஆகிக் கிடப்பதை மாதத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன். ஒரு அக்கா வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். சுவிட்சைத் தட்டிவிட்டதும் வண்டி ஓடியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது, ஏனென்றால் துடைத்தது நம் கடைப் பையன். சைட் ஸ்டாண்டு சென்சரில் சேறோ ஈரமோ இருந்தாலும், கிளட்ச் பிடிக்குள் இருக்கும் சுவிட்ச் நனைந்திருந்தாலும் இதே கதைதான். ஸ்டாண்டை நாலு முறை ஏற்றி இறக்குங்கள், கிளட்சை நன்றாக அமுக்கிப் பிடித்துப் பாருங்கள்.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் சந்தேகம் பிளக் கேப் மேல்தான். சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறியபின் கேப்பைக் கழற்றி உள்ளேயும் வெளியேயும் உலர்ந்த துணியால் துடையுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் முதலில் துணித் திரியால் ஒற்றி எடுங்கள். அதற்கு முன் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். பிளக்கைக் கையில் பிடித்துக் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம் அது.

ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறி நிற்கிறது என்றால் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கலாம். காகித ஃபில்டர் நனைந்தால் காற்று போகாது, கழற்றிக் காயவிட வேண்டும். பெட்ரோல் டேங்க் மூடியின் ஓரத்திலும் ஒரு வடிகால் ஓட்டை உண்டு. அது அடைபட்டிருந்தால் மூடியைத் திறக்கும்போது தேங்கிய தண்ணீர் டேங்குக்குள் விழும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கிவிடும். கார்புரேட்டர் என்றால் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி எடுத்துவிடலாம், பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டியை இங்கே கொண்டுவாருங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்து பார்ப்பதையும் அந்த வண்டிகளில் தவிர்ப்பது நல்லது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருக்கும் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

கடையில் இனி வண்டி வந்ததும் அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் தண்ணீர் படும். சைலன்சர் வாயை அடைப்போம், பிளக் பக்கமும் வயர் கனெக்டர் பக்கமும் பிரஷர் பைப் போகாது, கடைசியில் பிளக் குழிக்குக் காற்றடிப்போம். தம்பியின் வண்டி வந்த வாரம் காற்றடிக்கும் கம்ப்ரெசர் ரிப்பேருக்குப் போயிருந்ததால் துணியால் துடைத்ததோடு வண்டிகளைக் கொடுத்திருக்கிறோம். இப்போது வந்துவிட்டது. இதற்கெல்லாம் நேரம் பிடிப்பதால் மாலையில் விடும் வண்டி மறுநாள் காலையில்தான் கிடைக்கும், ஒன்றாம் தேதி முதல் வாஷ் கட்டணமும் சற்றுக் கூடும்.

அந்தக் குரல்பதிவைக் கேட்ட பிறகும் வழக்கம்போல் வண்டியைக் கொண்டுவந்து விட்டவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒருவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "எங்க அப்பா வண்டியையும் நீங்கதான் பாத்தீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பையன்கள் எதிரில் கண் கலங்கிவிட்டது.

சென்ற மாதக் கடைசி வாரத்தில் நம்மிடம் வாஷ் செய்தவர்கள், வண்டி நன்றாக ஓடினாலும் ஒருமுறை வந்து போங்கள். பிளக் கேப்பைக் கழற்றிப் பார்த்துக் காற்றடித்துத் தருகிறேன். குரல்பதிவு அனுப்பிய தம்பிக்கும் சொல்கிறேன்: உங்கள் பேட்டரியை சார்ஜில் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து மாட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒர்க்‌ஷாப் உரிமையாளர்