ஆமாம்னு தட்டினா அடுத்த நிமிஷம் ரிஜெக்ட்: உங்க வேலை ஆப் பத்தி புகார்

கஸ்டமர் சப்போர்ட்டுக்கு வணக்கம்,

உங்க ஆப்ல பிரீமியம் கட்டி வேலை தேடிட்டிருக்கேன். ப்ரொஃபைல் நேரா எச்ஆர் பார்வைக்குப் போகும்னு சொல்லித்தான் காசு வாங்குனீங்க, ஆனா ஃபார்ம்ல முதல் பக்கத்துலயே "உங்க மேல கிரிமினல் கேஸ் இருந்திருக்கா"ன்னு கேள்வி, ஆமாம் இல்லைன்னு ரெண்டே பட்டன், எதையாச்சும் தட்டாம அடுத்த பக்கம் போகவே முடியாது. நான் ஆமாம்னு தட்டுறேன். உடனே "வருந்துகிறோம்"னு மெயில் வந்துடுது, நடுராத்திரி அப்ளை பண்ணாலும் அதேதான், அந்த நேரத்துல எந்த எச்ஆர் உக்காந்து என் ரெஸ்யூமைப் படிச்சாங்க?

என் கேஸ் ரொம்பப் பழசு, தண்டனையும் முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஒரே கம்பெனில வேலை பாத்தேன், அதை மூடிட்டாங்க. இதையெல்லாம் எழுத உங்க ஃபார்ம்ல இடமே இல்ல. என்ன கேஸ், எந்த வருஷம், என்ன தீர்ப்பு, ஒண்ணும் கேக்கறதில்ல. கோர்ட்ல விடுதலை ஆனவங்ககூட அந்தக் கேள்விக்கு ஆமாம்னுதான் தட்டணும், யோசிச்சுத்தான் வச்சீங்களா?

இதைவிடக் கொடுமை, சாட்ல வந்தவரு "இல்லைன்னு குடுத்துப் பாருங்க சார்"ங்கறாரு. பின்னாடி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல தெரிஞ்சா பழைய கேஸுக்காக இல்ல, பொய் சொன்னதுக்காகவே தூக்கிடுவாங்க, அதுக்கு அவரா வந்து பதில் சொல்வாரு?

கேக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. சின்னப் பசங்களைப் பாத்துக்கற வேலைன்னா கண்டிப்பா விசாரிக்கணும், நான் அப்ளை பண்ணது குடோன்ல ஸ்டாக் என்ட்ரி போட. அதுவும் எப்ப கேக்கறதுன்னு ஒண்ணு இருக்குல்ல, ஹவாய்ல 1998லயே சட்டம் போட்டுட்டாங்க, வேலை தர்றோம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் இந்தப் பேச்சையே எடுக்கணும்னு. பிரிட்டன்ல 1974 சட்டப்படி பல தண்டனைங்களுக்கு ஒரு காலம் தாண்டிட்டா, பெரும்பாலான வேலைக்கு அதை சொல்லவே தேவையில்ல. நீங்க என்னடான்னா பேரு கேக்கறதுக்கு முன்னாடியே கேஸ் கேக்கறீங்க.

அந்தக் கேள்வியை இன்டர்வியூவுக்கு அப்புறம் தள்ளுங்க, தண்டனை ஆச்சான்னு தெளிவா கேளுங்க, விளக்கம் எழுத ஒரு பெட்டி வைங்க. என் ஆமாம் எந்தெந்த கம்பெனிக்குப் போயிருக்குன்னு லிஸ்ட் அனுப்புங்க. பிரீமியம் தானா ரினியூ ஆகப்போகுதுன்னு மெசேஜ் வந்திருக்கு, அதை நிறுத்திட்டு கட்டுன காசைத் திருப்பிப் போடுங்க. சாட்ல வந்தவரையே இதுக்கும் பதில் போடச் சொல்லாதீங்க, வேற யாராச்சும் படிங்க.

இப்படிக்கு,
உங்க பிரீமியம் கஸ்டமர்