வெளிக்களத்தில் இருப்பவர்களும் அலுவலக மின்னஞ்சல் அனுப்ப வழி செய்யுங்கள்

திருகோணமலைத் தலைமை அலுவலகத்தின் நிர்வாகக் குழுவுக்கும் கணினிப் பிரிவுக்கும்,

வணக்கம். மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் வேலை செய்யும் எங்களுக்கு அலுவலக மின்னஞ்சல் போனில் வருகிறது, வாசிக்கிறோம். பதில் அனுப்பினால் மட்டும் ‘ரிலே அக்சஸ் டினைட்’ (இந்த அஞ்சலை வெளியே கடத்த அனுமதி இல்லை) என்று திரும்பி வருகிறது. சேர்வரில் பழுது இல்லை. அலுவலக வலையமைப்புக்குள் இருப்பவர்களை மட்டும் நம்பும்படி அதை அமைத்திருக்கிறார்கள். போன் டேட்டாவில் வரும் நாங்கள் அதற்கு வெளியாட்கள்.

அதனால் பயனாளிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிற எக்செல் கோப்புகள் அவரவர் சொந்த ஜிமெயிலில் போகின்றன. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அந்தக் கோப்புகளும் அவரிடமே தங்கிவிடும். வெருகலில் ஒரு அம்மா தன் வங்கிப் புத்தகத்தை எங்கள் கையில் தருவது நிறுவனத்தை நம்பித்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இப்படியே நடக்கலாமா?

எங்கள் போன்களின் ஐபி முகவரிகளுக்கு (இணைய இணைப்புக்குக் கிடைக்கும் அடையாள எண்) விதிவிலக்குத் தரலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். போனில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், ஒரே முகவரியைப் பலர் பாவிப்பார்கள். ஸ்பாம் அனுப்புகிறவர்கள் அந்த வழியாக நுழைந்தால் நம் சேர்வர் கறுப்புப் பட்டியலில் ஏறும். அப்புறம் தலைமை அலுவலகத்தின் அஞ்சலும் போய்ச் சேராது.

எங்கிருந்து வருகிறார் என்பதை விட்டுவிட்டு, யார் வருகிறார் என்று சேர்வர் கேட்கட்டும். போர்ட் என்பது சேர்வரின் எண்ணிட்ட வாசல். 25ஆம் போர்ட் சேர்வர்கள் தங்களுக்குள் அஞ்சல் கைமாற்ற. ஆட்கள் அனுப்புவதற்கென்றே 1998இல் 587 ஒதுக்கப்பட்டது. அதில் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்குங்கள்; அது இணைப்பு தொடங்கிய பின் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்துக்கு, அதாவது இடையில் யாரும் வாசிக்க முடியாத வடிவத்துக்கு, மாறும் முறை. அல்லது தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் உள்ள 465ஐத் திறவுங்கள். மறையாக்கம் தொடங்குமுன் கடவுச்சொல்லைக் கேட்கவே கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அஞ்சல் வாசிக்க சேர்வரில் உள்ள டவ்காட் மென்பொருள் ஏற்கெனவே சரிபார்க்கும் அதே கடவுச்சொல்லை, அஞ்சல் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸும் கேட்டுக்கொள்ளலாம். மறையாக்கத்துக்குத் தேவையான, இது நம் சேர்வர்தான் என்று காட்டும் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பில் இலவசம், புதுப்பித்தல் தானாகவே நடக்கும்படி வையுங்கள். ஒருவர் தன் கணக்கில் நுழைந்து இன்னொருவர் முகவரியில் அனுப்ப முடியாதபடியும், மணிக்கு இத்தனை அஞ்சல்தான் என்றும் வரம்பு வைத்தால், கடவுச்சொல் திருட்டுப் போனாலும் சேதம் குறைவு. போன் தொலைந்தால் அந்தக் கணக்கை மட்டும் நிறுத்தலாம்.

முதலில் மூதூரில் இரண்டு பேரின் போன்களில் செய்து பாருங்கள். எந்த நாள் என்று சொன்னால் போதும், போன்களோடு வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
மூதூர் வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர்