அந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள்: பண்ணைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு தாயின் திறந்த மடல்

மலையடிவாரப் பண்ணையின் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறையில் உங்கள் பண்ணைக்குக் குடும்பத்தோடு வந்துபோன ஒரு தாய் எழுதுகிறேன். எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்: பண்ணையில் பூட்டியே கிடக்கும் கழிப்பறையைப் பற்றித்தான். அன்று மாலையே வாசலில் இருக்கும் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன். எனக்கு முந்தைய பக்கங்களில் மூன்று பேர் இதே புகாரை எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று கோடை விடுமுறையில் எழுதியது. எதற்குக் கீழேயும் பதிலாக ஒரு வரி இல்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று. பண்ணையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். எனக்கு அந்தக் கழிப்பறை திறந்தால் போதும்.

உங்கள் பண்ணை நல்ல பண்ணை. அதையும் மனதாரச் சொல்கிறேன். முந்தைய நாள் இரவு பெய்த மழையில் கிராம்பு மரங்கள் கழுவிவிட்டாற்போல் நின்றன. மட்டி, செந்துளுவன், ரசகதலி, ஏத்தன் என்று வாழைகளை வரிசையாக வைத்துப் பெயர்ப்பலகை எழுதியிருக்கிறீர்கள். மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் எழுதியிருந்தீர்கள். என் இரண்டு பிள்ளைகளுக்கும் முதன்முதலாக மசித்து ஊட்டிய பழம் மட்டிதான். அந்தப் பழம் எந்த மரத்தில் காய்க்கிறது என்பதை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். ஏழு வயது மகன் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் நடவுக்காகத் தொளி கலக்கி வைத்திருந்த வயலில் இறங்கினான். அங்கே வேலை செய்த அக்கா ஒருவர் அவன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, நாற்றின் வேர்ப்பக்கத்தை மூன்று விரல்களால் பிடித்து எப்படிச் சேற்றில் அழுத்த வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். ஆழமாக அழுத்தினால் தூர் கட்டாது, மேலாக வைத்தால் மிதந்துவிடும் என்றார். என் தகப்பனார் பூதப்பாண்டிப் பக்கம் குத்தகைக்குப் பயிர் வைத்தவர். அவரிடம் நான் கற்காமல் விட்டதை என் மகன் அன்று கற்றுக்கொண்டான். இதற்காக நான் உங்களுக்கு நன்றிதான் சொல்லியிருக்க வேண்டும்.

நண்பகலுக்குச் சற்று முன், நான்கு வயது மகள் என் சேலை முந்தானையை இழுத்து, ஒன்றுக்கு வருகிறது என்றாள். உங்கள் கடையிலேயே வாங்கிய இளநீரைக் குடித்திருந்தாள். வான்கோழிக் கூண்டைத் தாண்டி, அம்புக்குறியைப் பார்த்து, அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். கழிப்பறை இருந்தது. புதிதாக வெள்ளையடித்து, ஆண்கள், பெண்கள் என்று படம் வரைந்து, திறப்பு விழாக் கல்லும் பதித்திருந்தது. இரண்டு கதவுகளிலும் பூட்டு. பெண்கள் பக்கத்துப் பூட்டில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

சாவி எங்கே என்று டிக்கெட் கொடுப்பவரிடம் ஓடினேன். மேற்பார்வையாளரிடம் இருக்கிறது என்றார். மேற்பார்வையாளர் சாப்பிடப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். போனை எடுத்தவர் சொன்னது இது: "தண்ணீர் வரவில்லை அம்மா. அதிகாரிகள் வந்தால்தான் திறப்போம். சின்னப் பிள்ளைதானே, அப்படி ஓரமாக இருத்திவிடுங்கள்." நான் நின்ற இடத்திலிருந்து பத்தடியில் ரப்பர் குழாய் ஒன்று புல்தரையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஓரமாக எங்கே இருத்துவது? ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். மறுபக்கம் மழை ஈரத்தில் முழங்கால் உயரப் புதர். பாம்பு நடமாட்டம் உண்டு, கவனம் என்று நீங்களே பலகை வைத்திருக்கிறீர்கள். நான் போன் பேசி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. அவளே தேர்ந்தெடுத்துக் கட்டிய மஞ்சள் பட்டுப்பாவாடை முழுக்க நனைந்து, அவள் இரண்டு கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். சத்தம் போட்டு அழவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகும்வரை முகத்தை என் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். என் அம்மா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் இடுப்பில் சுற்றி, "ஒன்றும் இல்லை மக்களே, ஆச்சி இருக்கிறேன்" என்றார். அதன்பிறகு கன்றுக்குட்டியைக் காட்டக் கூப்பிட்டோம், வரவில்லை. காலையில் வீட்டை விட்டு இறங்கியது முதல் அந்தக் கன்றுக்குட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள் அவள். பஸ்ஸில் நாகர்கோவில் வடசேரி வந்து சேரும்வரை பையை மடியில் வைத்துப் பாவாடையை மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "யாரிடமும் சொல்லக் கூடாது" என்று என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். இந்த மடலுக்காக அந்தச் சத்தியத்தை மீறியிருக்கிறேன். ஆனால் அவள் பெயரை எங்கும் எழுதவில்லை.

பெரியவருக்கு 50 ரூபாய், பிள்ளைகளுக்கு 20 ரூபாய் என்று டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்தோம். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மணிக்கு ஒரு முறையாவது அவருக்குக் கழிப்பறை வேண்டும். மகளுக்கு நடந்ததைப் பார்த்தபிறகு அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் தொடவே இல்லை. அந்த வெயிலில் அது எவ்வளவு ஆபத்து என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். கிளம்பும்போது, மகனுக்கு நடவு சொல்லிக்கொடுத்த அக்காவிடம், நீங்கள் எல்லாம் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "காலையில் வீட்டிலிருந்து போய்விட்டு வருவோம். பிறகு சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். அதுவரை தண்ணீர் குடிக்க மாட்டோம்." எத்தனை வருடமாக என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் மகள் ஒரு நாள் பட்ட பாட்டை உங்கள் தொழிலாளிப் பெண்கள் தினமும் படுகிறார்கள். அவர்கள் கை படாமல் உங்கள் பண்ணையில் ஒரு நாற்றும் நிற்காது.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இனி எங்கே வயல் இருக்கிறது? எங்கள் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பள்ளியில் படித்தோம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் விளைந்த வயல்கள் என் கண் முன்னாலேயே மண்ணடித்துக் கல் நட்டு மனைகளாகிவிட்டன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து பெய்கிற ஊரில், பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய்களில் ஓடுகிற ஊரில், அரிசி சாக்கிலிருந்து வருகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வரும் கடற்கரைக்கு எல்லாம் செய்கிறோம். கடலுக்கு மேல் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்தாயிற்று. எனக்கும் அது பெருமைதான், பிள்ளைகளோடு நடந்து பார்த்தேன். அலைக்கு நடுவே பாலம் கட்டத் தெரிந்த மாவட்டத்தில் ஒரு கழிப்பறைக் கதவைத் திறந்து வைக்க ஏன் ஆளில்லை?

கோபம் மிஞ்சிவிட்டது, மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததைத் தாழ்மையுடன் கேட்டுவிடுகிறேன். கழிப்பறையைப் பண்ணை திறந்திருக்கும் நேரம் முழுவதும் திறந்து வையுங்கள். புல்லுக்குப் போகும் தண்ணீரில் ஒரு குழாயை அந்தத் தொட்டிக்கும் திருப்புங்கள். உள்ளே வாளியும் கப்பும் வையுங்கள், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு குழாய் போடுங்கள், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கட்டும். தினமும் கழுவ ஒருவரை நியமித்து அவருக்குரிய சம்பளத்தைக் கொடுங்கள். அதற்காக டிக்கெட்டில் ஐந்து ரூபாய் கூட்டினாலும் நான் மறுபேச்சில்லாமல் கொடுப்பேன். வேலை செய்யும் பெண்களும் அதே கழிப்பறையைக் கூச்சமின்றிப் பயன்படுத்தலாம் என்று அவர்களிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். நான் சொன்னால் அவர்களுக்குத் துணிவு வராது.

என் மகன் நட்ட நாற்று மாசி மாதம் அறுவடைக்கு வந்துவிடும். வரப்பிலிருந்து மூன்றாவது வரிசை என்று அடையாளம் வைத்திருக்கிறான். அறுப்பைப் பார்க்கப் போக வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். மகளிடம் கேட்டேன். "அங்கே கதவு திறந்திருக்குமா அம்மா?" என்றாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்ததும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நாகர்கோவிலிலிருந்து ஒரு தாய்