தலைமுடிக்குக் காசு யார் தருகிறார்?

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள செல்வி,

ஏழு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் மொத்தமாகத் திட்டிக்கொள். அப்பா திவசத்துக்கு நீ போய் நின்றதை அண்ணி சொன்னாள். நன்றி என்று எழுதினால் உதைப்பாய், எழுதவில்லை.

இப்போது எழுதுவது மூக்குடைபட்ட கதையைச் சொல்ல. இளம்பெண்களுக்கு எச்.ஐ.வி. வராமல் தடுப்பது பற்றிய எங்கள் ஆய்வில் கேள்வி கேட்கப் போகிறவர்களில் ஒருத்தி, இருபத்திரண்டு வயசு. மூன்று வாரம் உட்கார்ந்து நான் தயாரித்த கேள்வித்தாளைப் புரட்டிவிட்டு, "ஆன்ட்டி, 'பணத்துக்காக உறவு கொண்டதுண்டா' என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். 'தலைமுடிக்குக் காசு யார் தருகிறார்' என்று கேளுங்கள்" என்றாள். இங்கே செலவைப் பார்த்துக்கொள்ளும் பெரிய ஆளுக்கு 'பிளெஸ்ஸர்' என்று பெயர். ஆசீர்வதிப்பவராம்! அந்தப் பிள்ளைகள் தங்களைப் பாலியல் தொழிலாளி என்று நினைப்பதே இல்லை. கிளினிக் பக்கமும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் தோழிகள் வழியாகத்தான் போகிறோம். ஒருத்திக்கு மூன்று கூப்பன், அவள் தெரிந்த மூன்று பேருக்கு, அவர்கள் ஆளுக்கு மூன்று பேருக்கு. அப்படியே உன் சித்தி ஆள் சேர்த்த திட்டம், ஏமாற்று மட்டும் கிடையாது.

சிரிக்காதே, கேட்ட கேள்விக்கு வந்த பதிலை நம்பிப் பெரிய பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள். 2009-இல் 'வாய்ஸ்' என்றொரு சோதனை தொடங்கியது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் 5,029 பெண்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்க தினமும் மாத்திரை அல்லது ஜெல். ஏறக்குறைய 90 சதவீதம் ஒழுங்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். ரத்தத்தைப் பார்த்தால், மருந்து தென்பட்ட மாதிரிகள் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை! பிறகு உட்கார வைத்துப் பேசியபோது வந்த காரணங்களில் ஒன்று: வீட்டில் மாத்திரையைப் பார்த்தால் இவளுக்கே நோய் என்பார்களே.

பொய் சொல்லிவிட்டார்கள் என்று கோபப்பட்டவள்தான் நானும். டாக்டர் கேட்டால் இனிப்பே தொடவில்லை என்று என் அம்மா சொல்லவில்லையா?

எச்.ஐ.வி. தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, லெனகாபவிர், அதன் சோதனை முடிவு 2024-இல் வந்ததே, அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருத்திக்கும் தொற்றவில்லை. இனி உங்களுக்கு வேலையில்லையே என்பார் உன் வீட்டுக்காரர். ஊசி போட வருகிறவளுக்குத்தானே ஊசி? வராதவளை யார் கூட்டி வருவது?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. தலைமுடிக் கேள்வி அந்த இருபத்திரண்டு வயசுக்காரியுடையது, ஆய்வுக் கட்டுரையில் பெயர் என்னுடையது. அவள் பெயரும் வரட்டும் என்றேன். "என்ன படித்திருக்கிறாள்?" என்றார்கள் கூட வேலை செய்பவர்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, செல்வி. இன்னும் சண்டை முடியவில்லை.

சரி, உன் முழங்கால் எப்படி? பரவாயில்லை என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

உன்,
கமலா