முன்பணம் கட்டுவதற்கு முன்

மயிலாடுதுறை

அன்பு நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பக்கம் குறுவை நடவு தொடங்கிவிட்டார்கள். ஓராண்டாக உனக்கு எழுதாமலும், நீ அழைத்தபோதெல்லாம் தொலைபேசியை எடுக்காமலும் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள். பல்லில்லாத வாயோடு உன்னிடம் பேச மனம் வரவில்லை. நேற்று சின்ன வாத்தியார் வந்திருந்தார். உனக்கும் முழு வாய்ப் பல் சீரமைப்பு தேவைப்படுகிறது என்றும், மூன்றே நாளில் எல்லாப் பற்களையும் கட்டித் தருவதாக ஒருவர் சொன்னதை நம்பி நீ முன்பணம் கட்டப் போகிறாய் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் வாய்மூடி இருந்தால் நான் நண்பனே அல்ல.

மூன்று நாளில் பல் என்பது முழுப்பொய் அல்ல. எலும்பு உறுதியாக இருப்பவர்களுக்கு, தாடையில் இம்ப்ளான்ட் என்ற செயற்கை வேரை வைத்த சில நாட்களிலேயே அதன்மேல் பற்களைப் பொருத்தும் முறை உண்டு. ஆனால் அவை தற்காலிகப் பற்கள். உள்ளே வைத்த டைட்டானியம் வேரோடு எலும்பு வளர்ந்து பிணைவதற்குக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதமும், எலும்பு மென்மையாக இருக்கும் மேல்தாடையில் ஆறு மாதம் வரையிலும் ஆகலாம். 1965இல் சுவீடன் நாட்டு மருத்துவர் பிரோனெமார்க் இந்த வேரை முதன்முதலில் யாருக்குப் பொருத்தினாரோ அந்த மனிதர், 2006இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பயன்படுத்தினார். அத்தனை காலம் உழைக்கக்கூடிய ஒன்றுக்கு ஆறு மாதம் காத்திருக்க நமக்கு என்ன அவசரம்?

நான் முதலில் போன இடத்திலும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் சொன்னார்கள். என் சர்க்கரை அளவை அங்கே யாரும் கேட்கவில்லை; ஸ்கேனும் எடுக்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவரோ, முதல் நாள் ஒரு பல்லைக்கூடத் தொடவில்லை. வாய் முழுவதற்கும் எக்ஸ்ரே, எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் காட்டும் முப்பரிமாண ஸ்கேன், ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் பள்ளம் எவ்வளவு ஆழம் என்ற அளவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ஈறு நோயும் 9.2 என்ற சர்க்கரையும் இருக்கும் வாயில் எதை வைத்தாலும் நிற்காது என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார். ஈறுகளைச் சுத்தம் செய்து, சர்க்கரையை 7.1க்குக் கொண்டுவர இரண்டரை மாதம் ஆயிற்று. மேல்வரிசையில் மிஞ்சியிருந்த ஆறு பற்களும் ஆடிக்கொண்டிருந்ததால் அவற்றை எடுத்துவிட்டு, ஆறு இம்ப்ளான்ட் வைத்தார்கள். கீழே உறுதியாக நின்றவற்றுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டார்கள். பிடுங்காமல் காக்கக்கூடிய பல்லை அவர் காத்ததற்காகவே அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பல் போன இடத்தில் எலும்பும் மெல்லக் கரைந்துவிடும்.

வலியைப் பற்றி நீ பயப்படுவாய் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் தடுப்பூசிக்கே மயங்கியவன் நீ. மரத்துப்போக ஊசி போட்ட பிறகு அழுத்தம் மட்டுமே தெரிந்தது. வீக்கம் இரண்டு மூன்று நாட்கள் இருந்தது. உண்மையான கடினம் தற்காலிகப் பல்லோடு கழித்த மாதங்களில்தான் இருந்தது. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாக்கு ஒற்றப் பிறப்பவை, வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலை எத்தனை ஆண்டு பாடம் நடத்தியிருப்பேன்! அந்தப் பல் அரை மில்லிமீட்டர் இடம் மாறியதும் 'தஞ்சாவூர்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. பேத்தி புரியாமல் என் முகத்தைப் பார்த்த அன்று, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 'தாத்தா, தம்பி, நாவல், வவ்வால்' என்று ஒரு மணி நேரம் உரக்கச் சொல்லிப் பழகினேன். உன் அழைப்புகளை எடுக்காமல் இருக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

ஆனால் அந்த மாதங்கள் வீண்போகவில்லை. எத்தனை உயரத்தில் கடி அமைந்தால் தாடை மூட்டு வலிக்காது, எந்த நீளத்தில் பேச்சு தெளியும் என்பதையெல்லாம் தற்காலிகப் பல்லில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மெல்லிய நீலத்தாளை இடையில் வைத்துக் கடிக்கச் சொல்வார். நீலம் அழுத்தமாகப் பதிந்த புள்ளியை மட்டும் மயிரிழை அளவு தேய்ப்பார். மறுபடியும் கடிக்கச் சொல்வார். ஒரு நாள் அப்படிப் பதினான்கு தடவை நடந்தது. அந்த அளவுகள் கைக்கு வந்த பிறகே ஜிர்கோனியா என்னும் உறுதியான பீங்கான் பொருளில் நிரந்தரப் பல் செய்தார்கள். மூன்று நாளோடு வேலை முடிந்ததாகச் சொல்கிறவர் இந்தப் பகுதியை எப்போது செய்வார் என்று கட்டாயம் கேள்.

உன்னிடம் இரண்டு செய்திகளைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நீ உண்ணும் மாத்திரையைப் பல்லுக்காக நீயாக ஒரு நாள்கூட நிறுத்தாதே. உன் இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். அடுத்தது உன் சீவல் டப்பா. கும்பகோணத்து வெற்றிலையின் மேல் எனக்கும் ஆசை உண்டு, ஆனால் புகையிலை புண் ஆறுவதையும் எலும்பு பிணைவதையும் கெடுக்கிறது, பாக்கோ வாயின் உட்சதையை இறுக்கி வாயைத் திறக்கவே முடியாமல் செய்யக்கூடியது. நீ இரண்டையும் சேர்த்து மெல்லுகிறாய். உன் அப்பாவுக்குக் கடைசியில் வாய் திறக்காமல் போனதை நாம் இருவருமே பக்கத்திலிருந்து பார்த்தோம். இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

புதுப்பல் பழைய பல் ஆகாது என்பதையும் அறிந்துகொள். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி உணர்வுள்ள சவ்வு ஒன்று இருக்கிறது. சோற்றில் கல் அகப்பட்டால் தாடை சட்டென்று விலகுவது அதனால்தான். இம்ப்ளான்ட் நேரே எலும்போடு பிணைந்திருப்பதால் அந்த உணர்வு குறைவு. ஆகவே இரவில் என்னை அறியாமல் பல்லைக் கடித்தாலும் அது கெடாதிருக்க ஒரு காப்புத் தட்டு அணிகிறேன். இம்ப்ளான்ட்டுகளின் மேல் பாலம்போல் நிற்கும் பல்வரிசையின் அடியில் சிறு தூரிகையை நுழைத்துத் தினமும் சுத்தம் செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டிவிட்டு வருகிறேன். பொங்கலுக்குக் கரும்பைப் பல்லால் உரிக்கவில்லை. மனைவி தோல் சீவித் துண்டு போட்டுக் கொடுத்தாள். நெடுநாளைக்குப் பிறகு இரண்டு பக்கத்திலும் மென்று சாறு இறங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மன்னார்குடியிலிருந்து ஒரு பேருந்தில் ஏறி வந்துவிடு. நம் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். எக்ஸ்ரேயையும் சர்க்கரை அறிக்கையையும் எடுத்து வா, என் மருத்துவரிடம் இன்னொரு கருத்துக் கேட்போம். மூன்று நாளில் பல் கட்டித் தருவதாகச் சொன்னவர் உனக்கு எழுதித் தந்த செலவுக் கணக்கில் தற்காலிகப் பல்லும் நிரந்தரப் பல்லும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்த்து எழுது. முன்பணம் ஏற்கெனவே கட்டிவிட்டாய் என்றால் அதையும் மறைக்காமல் சொல். இந்த முறை நீ அழைத்தால் முதல் மணியிலேயே எடுப்பேன்.

உன் பழைய அறைத்தோழன்