செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2023 – மார்ச் 2024

கிறிஸ்துவுக்குள் அன்பான தலைவர் சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், துணைத்தலைவர், பொருளாளர் அவர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், நம் சேகரத்து மாற்றுத்திறனாளர் ஐக்கிய சங்கத்தின் அங்கத்தினர்களுக்கும், அவர்களை அன்றாடம் தாங்கி வரும் குடும்பத்தாருக்கும் என் ஸ்தோத்திரங்கள். வெள்ளமும் மரணமும் பார்த்த ஓர் ஆண்டை முடித்து, இந்தப் பொதுக்குழுவில் நாம் மறுபடியும் கூடியிருப்பது ஆண்டவருடைய கிருபை.

மாதாந்திரக் கூட்டங்கள் டிசம்பர் தவிர எல்லா மாதங்களிலும் இரண்டாம் சனிக்கிழமை சபை மண்டபத்தில் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

வீடு சந்திப்பு ஊழியம் தவறாமல் நடந்தது. ஆற்றங்கரைத் தெருவில் படுக்கையில் இருக்கும் நம் அண்ணாச்சியைப் பற்றி இங்கே விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பனையேறிப் பிழைத்த அவர், மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர் என்பதும், இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மதினி எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதால்தான் படுக்கைப்புண் இல்லாமல் இருக்கிறார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியும். உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து நெஞ்சுவரை எழும்புவார். ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெருவைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தலையணைக்கு அடியில் ஒரு நோட்டு இருக்கிறது. திங்கள் மேலத்தெரு, செவ்வாய் கோயில் தெரு என்று கிழமைவாரியாக ஊரின் ஒவ்வொரு வீட்டையும், வீட்டில் உள்ள ஒவ்வொரு தலையையும், நம் சபையார் அல்லாதவர்களையும் சேர்த்து, அதில் எழுதி வைத்து ஜெபிக்கிறார். ஜூன் மாதம் அவருக்கு ஆறுதல் சொல்லலாம் என்று நான் போனபோது, இளம்பிள்ளைவாதம் பாதித்த என் காலில், அதைத் தாங்கும் சட்டமான காலிப்பரின் தோல்வார் உரசி வந்த புண் ஆறிவிட்டதா என்று அவர்தான் முதலில் கேட்டார். அதற்கு முந்தைய மாதம் பேச்சுவாக்கில் நான் சொன்னதை அந்த நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்.

சாட்சி என்றவுடன் மேடையேறி, ஒலிபெருக்கி பிடித்து, நடந்த அற்புதத்தைச் சொல்வது என்றே நாம் பழகிவிட்டோம். என்னுடைய எண்ணம் வேறு. குணமாகாத உடம்போடு இன்று காலையும் விழித்து, இன்றைய கிழமைக்குரிய தெருவுக்காக ஜெபிப்பதே நான் கண்ட சாட்சிகளில் பெரியது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஆண்டு வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், மூளை முடக்குவாதம் உள்ள மகனை மடியில் வைத்திருந்த நம் சகோதரியிடம், தாய்க்கு விசுவாசம் இருந்திருந்தால் பிள்ளை இதற்குள் நடந்திருப்பான் என்று கூட்டத்தார் முன்னிலையில் சொன்னார். அந்த அம்மா அதன் பிறகு மூன்று வாரம் ஆராதனைக்கு வரவில்லை. எங்களுக்காக ஜெபிக்க வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. சுகத்துக்காக நாங்களும் கண்ணீரோடு ஜெபிக்கிறவர்களே. ஆனால் பவுல் அப்போஸ்தலன் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அவருடைய மாம்சத்தில் இருந்த முள் எடுக்கப்படவில்லை, அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று எவரும் சொன்னதும் இல்லை. இதைச் செயற்குழு எழுத்தில் கொடுத்தபோது, குருவானவர் ஐயா அதைப் பொறுமையோடு கேட்டு, அடுத்த ஞாயிறே பிரசங்கபீடத்திலிருந்து பேசினார்கள். அந்தச் சகோதரி இப்போது மகனோடு முன் பெஞ்சில் உட்காருகிறார்.

ஆகஸ்டு கூட்டத்தில் டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசினோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க முடியாமல் போனார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963இல் அத்துறையின் தலைவரானார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் எழுந்த மறுவாழ்வு நிலையம், முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்குத் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கற்றுத்தருவது. நம் அண்ணாச்சியைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஜனவரியில், நம் பக்கத்து டோனாவூரில் வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைவுகூர்ந்தோம். 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் மருந்தகத்துக்காக ஏற்பாடான ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் குழிக்குள் விழுந்து கால் முறிந்தார். அதன்பின் 1951 ஜனவரி 18 அன்று மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். நோயாளிகளுக்கு, தாமும் ஒரு நோயாளியாக இருந்து அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வந்தன. சுகமாய் இருக்கிறவர்கள் சொல்லும் ஆறுதலுக்கும் படுக்கையிலிருந்து வரும் ஆறுதலுக்கும் உள்ள வித்தியாசம் நம் அங்கத்தினர்களுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய விருப்பப்படி கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கவில்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றே இருக்கிறது.

இனி வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய அந்த மழையில் தாமிரபரணி கரை கடந்து நம் ஊருக்குள்ளும் வந்தது. மின்சாரமும் கைப்பேசியும் போன பிறகு, வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் அண்ணாச்சியை நார்க்கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூட மாடியில் சேர்த்தார்கள். அவர் கையோடு கொண்டு வந்தது பாலித்தீன் பையில் சுற்றிய அந்த நோட்டை மட்டுமே. மாடியில் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று எவருக்கும் கணக்குத் தெரியாமல் தவித்த வேளையில், அவர் டார்ச் வெளிச்சத்தில் தெரு தெருவாகப் பெயர்களை வாசிக்க, வந்தவர்கள் குரல் கொடுத்தார்கள். கடைசித் தெருவில் தனியே இருந்த இரண்டு பாட்டிமார் பெயருக்குக் குரல் வரவில்லை. பிள்ளைகள் திரும்பப் போய் அவர்களை அழைத்து வந்தார்கள். அந்த இருவரும் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

சேதங்களில் மனத்தை மிகவும் வருத்தியது, பார்வையற்ற நம் சகோதரியின் பிரெயில் வேதாகமத் தொகுதிகள் நனைந்துபோனது. அச்சுப் புத்தகம் நனைந்தால் உலர்த்தி வாசிக்கலாம். பிரெயில் தாள் நனைந்தால் புள்ளிகள் அமுங்கிவிடும். அவர் ஒவ்வொரு தாளாக வெயிலில் காயவைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கிறிஸ்துமஸ் பண்டிகை ஆராதனையில் அவருக்கு வேதபாடம் வாசிக்கும் முறை இருந்தது. வேறு ஒருவரை ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டோம், வேண்டாம் என்றார். சேறு வாடை இன்னும் போகாத கோயிலில், வெறும் மேசையின்மேல் விரல்களை வைத்து, வாசிக்கும்போது நகர்த்துவது போலவே இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டு, மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கியிருந்த அந்தப் பகுதியை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னார். புதிய தொகுதிகளுக்காக வேதாகமச் சங்கத்துக்கு எழுதியிருக்கிறோம். அவை வந்தபின் வைப்பதற்குச் சுவரில் உயரமான தட்டு ஒன்றும் அடித்தாயிற்று.

கோயிலின் வடக்கு வாசலில் சாய்வுப்பாதை இந்த ஆண்டு கட்டி முடிந்தது. ஒன்றரை அடி உயரமுள்ள படிகளுக்கு ஆறடி நீளம் போதும் என்று முதலில் சொல்லப்பட்டது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், குறைந்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர் கை நழுவும் என்பதை நேரில் காட்டி விளக்கிய பிறகு, மூப்பர்கள் மனமுவந்து பதினெட்டு அடிக்குச் சம்மதித்தார்கள். பிரதிஷ்டைப் பண்டிகையில் சபையார் சேர்ந்து உண்ணும் அசனத்திலும் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் நம்மவர்களுக்குச் சோறும் கறிக்குழம்பும் தூக்குச்சட்டியில் வீட்டுக்கு அனுப்பப்படும். அது அன்போடு செய்யப்பட்டதுதான் என்பதில் சந்தேகமில்லை. இந்த முறை முதல் பந்தியிலேயே மேசை போட்டு எல்லாரோடும் உட்காரவைத்தார்கள். இரண்டு காலும் முடமான மேவிபோசேத்துக்குத் தாவீது ராஜா சாப்பாட்டை அனுப்பி வைக்கவில்லை, தன் பந்தியில் இடம் கொடுத்தான் என்று குருவானவர் ஐயா ஜெபத்தில் சொன்னபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த ஊனவகைகள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருபத்தொன்றாக விரிந்திருப்பதால், இதுவரை அடையாள அட்டை பெறாத சிலரும் இப்போது தகுதி பெறுகிறார்கள். விண்ணப்பம் எழுதவும் முகாமுக்கு அழைத்துச் செல்லவும் சங்கம் உதவியது. வேண்டியவர்கள் என்னிடம் தெரிவிக்கலாம்.

தொழுநோயிலிருந்து குணமாகி, விரல்களை இழந்தும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கோயில் மணி அடித்துவந்த நம் தாத்தா, பிப்ரவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்கு ஊர் முழுவதும் வந்தது. காது கேளாத நம் தம்பி ஒருவர் அந்த வேலையைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஓசை தனக்குக் கேட்காவிட்டாலும் கயிற்றில் அதிர்வு உள்ளங்கைக்குத் தெரிகிறது என்று சைகையால் சொல்கிறார். இதுவரை ஒரு நாளும் நேரம் தப்பவில்லை.

அண்ணாச்சியின் நோட்டு ஈரத்தில் ஓரம் சிதைந்துவிட்டதால், அதைப் புதிய நோட்டில் பெயர்த்து எழுதும் பணியை ஓய்வுநாள் பாடசாலை மூத்த வகுப்புப் பிள்ளைகள் ஏற்றுள்ளார்கள். வீட்டில் பிறந்த குழந்தை, புதிதாக வந்த மருமகள் யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால், இந்த மாத முடிவுக்குள் அவர்களிடம் கொடுக்கும்படி சபையாரைக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி வேண்டி அமர்கிறேன்.

ஆண்டவரின் பணியில்,
செயலாளர்